உருக மறுத்த ஐஸும் இரேனா ரசிகர் மன்றமும்

இரேனா பனித்தரையை விட்டு இறங்கிவிட்டாள் என்ற செய்தி சிப்பித்துறைக்கு வந்து சேர்ந்த அன்று காலை, மீராசாவின் சர்பத் கடையில் தம்ளரில் போட்ட ஐஸ் மதியம் வரைக்கும் கரையவில்லை, சாயங்காலம் தம்ளரைக் கழுவும்போதும் கரையவில்லை, மறுநாள் அதே ஐஸை அலசிப் போட்டு வேறொரு ஆளுக்குச் சர்பத் கொடுத்தபோது அந்த ஆள் குடித்து முடித்துவிட்டு, அடியில் கிடந்த ஐஸைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஊரில் யாரும் இதற்கு வாயைப் பிளக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டாமல் இருப்பதில்லையா, அந்த மாதிரி ஐஸும் துக்கம் காக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

இரேனா யாரென்று தெரியாதவர்களும் இருக்கலாம், அவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடக்கே, வருஷத்தில் பாதி நாள் சூரியன் எட்டிப் பார்க்காத ஒரு தேசத்துக்காரி அவள். அடியில் கத்தி வைத்த ஷூவை மாட்டிக்கொண்டு பனித்தரையில் வழுக்கி, வளைந்து, ஆகாயத்தில் எழும்பி, அங்கேயே பம்பரமாகச் சுற்றி, ஒற்றைக்காலில் வந்து இறங்குவாள். சிப்பித்துறையோ உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர், மார்கழியிலும் முதுகில் வியர்வை வழியும், பனி என்று அங்கே யாராவது எதையாவது பார்த்திருந்தால் அது பனிமய மாதா கோயில் பீடத்தில் மாதாவின் காலடியில் ஒட்டி வைத்திருக்கிற பஞ்சுதான். அப்பேர்ப்பட்ட ஊருக்குள் அவள் வந்தது புயலோடு. ஒரு கார்த்திகையில் புயல் கூண்டு ஏற்றி, படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, ஆண்களும் பெண்களுமாக ஐஸ் கம்பெனி முதலாளி தவமணியின் ஆபீஸில் போய் உட்கார்ந்திருந்தபோது, மற்ற சேனல்களையெல்லாம் காற்று அடித்துக்கொண்டு போய்விட, மிச்சமிருந்த ஒரே சேனலில் இவள் ஆடிக்கொண்டிருந்தாள். ஆடியவள் விழுந்தாள். விழுந்தவள் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி சிரித்து, மறுபடியும் எழும்பினாள். ஈரப் பலகையில் வழுக்கி விழுந்து எழுந்தே வயதைக் கடத்திய அந்தக் கூட்டம் மொத்தமும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றது. "இது நம்ம பிள்ளைலா" என்று யாரோ சொன்னார்கள், அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை.

அன்றைக்கே அகில உலக இரேனா ரசிகர் நற்பணி மன்றம் தொடங்கப்பட்டது. உலகத்தில் வேறெங்கும் கிளை கிடையாது என்பதால் தலைமையகம் சிப்பித்துறைதான் என்பதில் யாரோடும் தகராறு வரவில்லை. தலைவி பிலோமினாள், மீன் ஏலம் கூறுகிறவள். அவள் குரலை எடுத்தால் நங்கூரம் போட்ட படகில் தூங்குகிறவன்கூட எழுந்து விலை கேட்பான் என்று சொல்வார்கள். செயலாளர் சர்பத் கடை மீராசா, போஸ்டருக்கு வாசகம் எழுதுவதில் அவனை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் இல்லை. இரேனா ஜெயித்தால் துறைமுகத்தில் வெடி போட்டார்கள். தோற்றால், "அநீதி இழைத்த நடுவர்களே, பனி உங்களை மன்னிக்காது" என்று சுவர் சுவராக ஒட்டினார்கள். அவள் பிறந்தநாளுக்குக் கட்-அவுட் வைத்துப் பாலாபிஷேகம் செய்யலாம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியபோது, அவள் ஊர் வழக்கத்துக்குப் பால் சரிப்படாது என்று பிலோமினாள் ஒரே போடாகப் போட்டு, ஐஸை உடைத்து மூட்டை மூட்டையாகக் கட்-அவுட்டின் தலையில் தூவ வைத்தாள். அடியில் நின்ற பிள்ளைகள் அன்றைக்குப் போட்ட ஆட்டம் கொஞ்சமில்லை.

பிலோமினாளின் புருஷன் சூசை மன்றத்தில் சேரவில்லை. படகு ஓட்டுகிறவர், நாலைந்து நாள் கடலிலேயே கிடந்து மீனோடு திரும்புகிறவர், கரையில் இருக்கிற நேரத்தில் அவருக்குப் படுக்கை ஒன்றுதான் தேவை. ஆனால் மனைவி டிவி முன்னால் உட்கார்ந்து கத்தும்போது பின்னாலிருந்து அவரும் பார்ப்பார். போன வருஷம் ஒரு போட்டியில் இரேனா எழும்பி இறங்கியதும், ஊரே கைதட்டிய அந்த நொடியில், "இந்தப் பிள்ளைக்கு முட்டி போயிருச்சு" என்றார்.

"வாயக் கழுவுங்க" என்றாள் பிலோமினாள்.

"இல்ல பிள்ள, எறங்கும்போது மூச்சப் பிடிக்கா பாரு. வலிச்சாத்தான் அப்பிடிப் பிடிக்கத் தோணும்."

அவருக்கு அது தெரியும், ஏனென்றால் அவருடைய வலது முழங்காலும் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருஷமும் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது, "இதோட எறங்கிருதேன் பிள்ள, கால் கேக்கல" என்பார். அவளோ உலை வைக்காமல், தலைக்கு ஒரு கையைக் கொடுத்துச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு பொழுது, இரண்டு பொழுது பார்த்துவிட்டு அவர் வந்து பக்கத்தில் உட்காருவார். "ஒரே ஒரு சீசன்" என்பாள் சுவரைப் பார்த்தபடி. தடைக்காலம் முடிந்ததும் அவர் போய்விடுவார். வீட்டுச் செலவுக்காக அவள் அவரை அனுப்பவில்லை, அவள் சம்பாத்தியமே போதும். படகு முகத்துவாரத்துக்குள் நுழையும்போது சுக்கானைப் பிடித்து நிமிர்ந்து நிற்கிற ஆளைப் பார்த்துத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள், கரையில் உட்கார்ந்திருக்கிற சூசையை அவளுக்குத் தெரியாது, அந்த ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அவளுக்குப் பயம். பயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

செய்தி வந்தது மீராசாவின் போனில். ஒரு சின்ன வீடியோ. பயிற்சி முடிந்த வெற்றுத் திடலில் இரேனா குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்கிறாள், இரண்டையும் பனித்தரையின் ஓரத்தில் ஜோடியாக வைக்கிறாள், காலுறையோடு தரையில் இறங்கி, "முழங்கால் முடியாது என்கிறது, நானும் அதையே சொல்கிறேன், எல்லாருக்கும் நன்றி" என்று அவள் பாஷையில் சொல்லிவிட்டு நடந்து போகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. மீராசா போனை மொழிபெயர்க்க வைத்து வாசித்துக் காட்டியதும் கடையில் இருந்தவர்கள் நெஞ்சில் கை வைத்தார்கள், ஒருவர் தம்ளரைக் கீழே போட்டார், அதிலிருந்த ஐஸ் உருண்டு தெருவுக்குப் போய் வெயிலில் கிடந்து மின்னியது.

அன்று சாயங்காலமே பொதுக்குழு கூடியது. சிப்பித்துறையில் விலகுவது என்றால் என்னவென்று ஒரு வழக்கம் உண்டு. ஐஸ் கம்பெனி தவமணிதான் படகுச் சங்கத் தலைவரும். வருஷா வருஷம் சங்கக் கூட்டத்தில் தோளிலிருந்து துண்டை எடுத்து உதறிப் போட்டு, "இனிமே இந்தப் பதவி எனக்கு வேண்டாம்" என்று அவர் வெளியேறுவார். ஊரே திரண்டு அவர் வீட்டு வாசலில் போய் உட்காரும், பெண்கள் அழுவார்கள், இளவட்டங்கள் கோஷம் போடுவார்கள், ஒருவர் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக் காட்டுவார், மறுநாள் அவரை மாலையோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். விலகியவர் விலகியே போனதாக அந்த ஊரின் சரித்திரத்தில் இல்லை. விருந்து வீட்டில் போதும் என்று இலையை மறைக்கிற கையை விலக்கிவிட்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றுகிற ஜனங்கள் அவர்கள்.

"ஒரு ஆளு விலகுதேன்னு சொன்னா என்னத்துக்குச் சொல்லுதான்?" என்றார் தவமணி. "வந்து கூப்பிடுதானுகளா இல்லையான்னு பாக்கத்தான். என்னையே எடுத்துக்கிடுங்க."

"அந்தப் பிள்ள காத்துக்கிட்டு இருப்பா" என்றாள் பிலோமினாள். "நம்ம சத்தம் அவ காதுல விழணும். விழ வைப்போம்."

அவள் சொன்னால் விழத்தான் வேண்டும் என்று ஊருக்கு நம்பிக்கை. மறுநாள் முதல் ஏலக்கூடத்தில் தொடர் உண்ணாவிரதம், ஆள் மாற்றி ஆள். பக்கத்திலேயே உடைக்காத ஒரு முழு ஐஸ் பாரை நிறுத்தி, அதன்மேல் இரேனாவின் படத்தைச் சார்த்தி வைத்தார்கள். அந்த ஐஸ் வெயிலில் நின்றது, அனல்காற்றில் நின்றது, ஒரு சொட்டு விடவில்லை. அப்போதுதான் மன்றத்துக்குப் புரிந்தது, ஐஸ் துக்கம் காக்கவில்லை, தங்களோடு சேர்ந்து போராடுகிறது. மீராசாவின் போஸ்டர் அன்றைக்கே தயார்: "பனிக்கட்டியே உருக மறுக்கிறது! பாவை நீ விலகலாமோ?" அதை அவளுக்கு அனுப்பினார்கள், அவள் பார்த்தாளோ பார்க்கவில்லையோ, பதில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கெஞ்ச வேண்டும்போல என்று ஊர் உற்சாகமாகக் கெஞ்சியது.

இதற்குள் உருகாத ஐஸோடு வாழ ஊர் பழகிக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் உடைந்து கிடந்த பெஞ்சுக்குப் பதிலாக இரண்டு ஐஸ் பார்களை இழுத்துப் போட்டார்கள், உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் மரத்துவிடும் என்பதால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் முறை வைத்து உட்கார்ந்தார்கள். கேரம்போர்டு விளையாடுகிறவர்கள் ஐஸில் ஸ்ட்ரைக்கர் செதுக்கிக்கொண்டார்கள். மீராசா கடையில் வாடிக்கைக்காரர்கள் ஆளுக்கொரு ஐஸைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள், கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் கொண்டுவந்து, "நம்ம ஐஸ்ல போடும்" என்று நீட்டினார்கள். ஒரு கல்யாணப் பெண் மூக்குத்தியில் கல்லுக்குப் பதில் ஐஸ் பதித்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நின்றாள், நல்ல வெளிச்சம் அடித்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இது பனிமய மாதாவின் புதுமைதானே, அற்புதம்தானே என்று பெண்கள் கூட்டமாகப் போய்ப் பங்குச் சாமியாரைக் கேட்டார்கள். ததேயுஸ் சாமியார் அவசரப்படாத மனிதர். "புதுமைன்னா யாருக்காவது நல்லது நடக்கணும். நல்லதா கெட்டதான்னு முதல்ல தெரியட்டும்" என்றார். அவர்கள் அதையும் ஒத்துக்கொண்டு திரும்பினார்கள்.

தெரிய வந்தது, நாலைந்து நாள் தங்கி மீன் பிடிக்கத் தங்கு கடலுக்குப் போன படகுகள் திரும்பிய அன்று. எல்லாப் படகும் ஐஸை நிரப்பிக்கொண்டுதான் போயிருந்தன. கரைக்கு வந்து குளிர்பெட்டியைத் திறந்தால், ஐஸ் போட்டது போட்டபடி முனை மழுங்காமல் பளபளவென்று இருந்தது, நடுவில் சீலா, பாறை, ஊளி மீன்களெல்லாம் கண் வெளுத்து, வயிறு உடைந்து கிடந்தன. நாற்றம் கோயில் மணிக்கூண்டு வரைக்கும் போனது. பிலோமினாள் வழக்கம்போலக் கூடைமேல் கையை வைத்து விலை கூறினாள். எதிரே நின்ற வியாபாரிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் இன்னொரு தரம் கூறினாள். அவள் குரலுக்குப் பதில் குரல் வராத முதல் நாள் அதுதான், அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"எப்பிடிங்க? ஐஸ்தான் அப்பிடியே இருக்கே!" என்று அவள் படகுக்குள்ளிருந்து இறங்குகிற சூசையைப் பார்த்துக் கத்தினாள்.

"அப்பிடியே இருக்குதனாலதான்" என்றார் அவர், கயிற்றைப் பிடித்து வலது காலை மெல்ல ஊன்றியபடி. "அது உருகணும், அந்தத் தண்ணி மீன் மேல ஓடணும். அப்பத்தான் மீன் கெடாது. உருகாத ஐஸும் கல்லும் ஒண்ணுதான் பிள்ள, தொட்டாக் குளுருது, அவ்வளவுதான்."

தவமணி வெளியூர் ஐஸுக்கு ஆள் அனுப்பினார். லாரி வந்தது. உப்பளத்துப் பாலம் வரைக்கும் வழிநெடுக ஒழுகிக்கொண்டு வந்த தண்ணீர், பாலத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டது. அங்கிருந்து ஊருக்குள் சாலை காய்ந்து கிடந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்து, தலையைச் சொறிந்து, வாடகையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு தங்கு கடலை விட்டுவிட்டு, விடியற்காலையில் போய் வெயில் ஏறுமுன் திரும்புகிற அரைநாள் கடலுக்கு எல்லாரும் மாறினார்கள். கிடைத்தது கொஞ்சம், அலைச்சல் ரெட்டிப்பு. முகத்துவாரத்து அலையை மாறி மாறித் தாண்டுவது எந்த முழங்காலுக்கும் ஆகாது, சூசையின் முழங்காலுக்குக் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் அலை தூக்கிப் போட்ட போட்டில் அவர் கால் மடங்கிச் சுக்கானை விட்டு விழுந்தார், படகு பக்கவாட்டில் திரும்பிச் சாய்ந்தது, பக்கத்தில் நின்ற பையன்கள் சுக்கானைப் பிடித்திராவிட்டால் அன்றைக்கு அந்தப் படகில் போன அத்தனை பேருக்கும் கோயிலில் சாவு மணி அடித்திருக்கும். இருவர் தோளில் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவள் சுடச்சுடக் குழம்பும் சோறும் போட்டாள்.  மறுநாள் விடியற்காலையில் அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று, பிறகு போனார். போக வேண்டாம் என்ற வார்த்தை அவள் வாய்க்குள்ளேயே இருந்தது, இந்த சீசன் மட்டும் முடியட்டும் என்று அதை விழுங்கிக்கொண்டாள்.

மறுபடியும் பொதுக்குழு. இந்தத் தடவை யாரும் கோஷம் போடவில்லை. சாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டா" என்றார் அவர். "போயிட்டு வாம்மான்னு நீங்க இன்னும் சொல்லல. சொல்லிப் பாருங்களேன்."

"பிரிவு உபசார விழா!" என்று எழுந்தான் மீராசா. "பிலோமிக்கா, ஜாம் ஜாம்னு நடத்திருவோம். அவ போறதுன்னாலும் நம்ம மரியாதையோட போகட்டும்."

பிலோமினாளுக்கு மனசில்லை. தலைவி கையெழுத்துப் போடாமல் மன்றத்தில் ஒரு வாழைமரம்கூடக் கட்ட முடியாது, ஆனாலும் ஊரே அழுகிய மீனை மண்ணில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு நின்றபோது தான் மட்டும் முடியாதென்று நிற்க அவளால் முடியவில்லை. சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெயில் உச்சிக்கு வருகிற நேரம் ஏலக்கூடத்தில் விழா. வாழைமரம், தோரணம், ஸ்பீக்கர். மேடைக்கு நாற்காலி கிடைக்காததால் ஐஸ் பார்களையே வரிசையாகப் போட்டுச் சமுக்காளம் விரித்திருந்தார்கள். இரேனாவின் படத்துக்குப் பொன்னாடை போர்த்தி மாலை போட்டார்கள். பின்னால் பெரிய பேனர், மேலும் கீழுமாக இரண்டு வரியில்: "சென்று வா மகளே! விரைவில் திரும்பி வா!" சாமியார் அதைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். பேச வந்தவர்கள் எல்லாரும் அழகாகத்தான் ஆரம்பித்தார்கள். அவள் விழுந்ததைச் சொன்னார்கள், எழுந்ததைச் சொன்னார்கள், அவள் ஆடியதைப் பார்த்துத் தங்கள் வீட்டுச் சண்டை நின்றதையும், பரீட்சையில் தோற்ற பிள்ளை மறுபடி எழுதியதையும் சொன்னார்கள், நன்றி நன்றி என்று கும்பிட்டார்கள். முடிக்கிற இடத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி நாக்குத் திரும்பியது. "இருந்தாலும் கடைசியா ஒரே ஒரு தடவ" என்றார் தவமணி. "பொங்கலுக்காவது" என்றார் இன்னொருத்தர். மேடையில் ஐஸ் கம்மென்று இருந்தது.

பிலோமினாள் மைக்கைப் பிடித்தாள். கூட்டம் நிமிர்ந்தது, முடித்து வைக்க அவள் வந்துவிட்டாள் என்று எல்லாருக்கும் தெம்பு. அவளும் நன்றாகத்தான் பேசினாள். அந்தப் புயல் நாளைப் பற்றிப் பேசும்போது அழுதாள், அழுதுகொண்டே சிரிக்கவும் வைத்தாள். "போயிட்டு வா தாயீ" என்று அவள் சொன்னபோது ஒரு நிமிஷம் காற்றில் ஏதோ ஈரம் தட்டியதாகப் பிற்பாடு சிலர் சத்தியம் செய்தார்கள். அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வருஷக்கணக்கில் பழகிய வாய், "ஆனா தாயீ, எங்களுக்காக, ஒரே ஒரு சீசன்" என்றது.

சொன்ன அதே நொடியில் அவள் கண்ணில் சூசை பட்டார். கூட்டத்தின் ஓரத்தில், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது. அவர் தலையைக் குனிந்தார், வீட்டில் குனிகிற அதே மாதிரி, சரி போகிறேன் என்று ஒத்துக்கொள்கிற மாதிரி. பிறகு தூணிலிருந்து கையை எடுத்துவிட்டு, மடங்காத காலைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து வைத்து, வெயிலில் வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் நடையை அவள் அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. படகில் நிற்கிற ஆளைத்தான் அவள் பார்ப்பாள், நடக்கிற ஆளைப் பார்த்ததில்லை.  மைக்கை மீராசாவின் கையில் திணித்துவிட்டு மேடையிலிருந்து குதித்து இறங்கி ஓடினாள், தலைவிக்கு என்ன வந்தது என்று கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

அவர் வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டியிருந்தார். வீக்கம் பளபளத்தது. அவள் உள்ளே போய், தண்ணீர்ப் பானைக்குள் சும்மா கிடந்த ஐஸ் கட்டி ஒன்றை எடுத்துவந்து, அவர் முன்னால் மண்டியிட்டு, முழங்காலின் மேல் வைத்து இரண்டு கையாலும் பொத்தினாள்.

"விடு பிள்ள" என்றார் அவர். "அது கல்லு. சும்மா கனக்குது."

அவள் விடவில்லை.

"கூட்டத்த விட்டுட்டு என்னத்துக்கு வந்த? போ. நான் செத்த நேரம் படுக்கேன். விடியக்காலம் போணும்."

"நாளைக்கு நீங்க போக வேண்டாம்."

"நாளைக்கா? நாளைக்குக் காத்து நல்லா இருக்கும்னு..."

"நாளைக்கும் வேண்டாம். இனிமே வேண்டாம்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். ஊரையே விலை கேட்க வைக்கிற குரல் அது, இப்போது பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத அளவில் வந்தது.

"சீசன்?" என்றார்.

"சீசன் கெடக்கட்டும்." அவள் ஐஸை இன்னும் இறுக்கிப் பொத்தினாள். "எறங்குங்க. நான்தான் உங்கள எறங்க விடல. எனக்குப் பயமா இருந்திச்சு. கரையில இருக்க உங்கள எனக்குத் தெரியாதுல்லா... பழகிக்கிடுதேன்."

 அவர் முழங்காலிலிருந்து கெண்டைக்கால் வழியாக என்னவோ குளிர்ச்சியாக இறங்கிக் குதிகாலுக்குப் போய்ப் படியில் சொட்டியது. அவள் தன் கண்ணீர் என்று நினைத்துப் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகம் துடைத்த பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தது. கையை எடுத்துப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் தண்ணீர், ஐஸ் முனை மழுங்கி, ஓரம் குழைந்து, அவர் சூட்டில் உருகிக்கொண்டிருந்தது. "அப்பாடா" என்றார் சூசை, கண்ணை மூடிக்கொண்டு. வலி இறங்குகிற அந்தச் சத்தத்தை அவள் அதுவரை அவரிடம் கேட்டதில்லை.

ஏலக்கூடத்துப் பக்கம் பெரிய கூச்சல் கேட்டது. பிறகு தெருவில் தண்ணீர் வந்தது, சாக்கடையை நிரப்பி, கோழிகளைத் திண்டாட வைத்து, வாழை இலையையும் காகிதப் பூவையும் இழுத்துக்கொண்டு, வெயில் கொதிக்கிற மத்தியானத்தில் சில்லென்று வந்தது. பிள்ளைகள் அதில் குதித்தார்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் மூக்குத்தி போட்ட அந்தக் கல்யாணப் பெண் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். அந்தத் தண்ணீரை மிதித்துத் தெறிக்க விட்டபடி, மூச்சு வாங்க ஓடி வந்தான் மீராசா.

"பிலோமிக்கா! உருகிட்டு! நீங்க போனதும் நான் மைக்கப் பிடிச்சேம்லா, நன்றியுரைய ஆரம்பிச்சேன், நாலு வரிதான் சொல்லியிருப்பேன், முதலாளி உக்காந்திருந்த ஐஸு அப்பிடியே கரைஞ்சு அவரு மல்லாக்க விழுந்துட்டாரு! எம் பேச்சுக்குத்தான் உருகிச்சுன்னு சாமியாரே சொல்லுதாரு!"

"அப்பிடியா சொன்னாரு?"

"சிரிச்சாரு. அதுக்கு அதுதான அர்த்தம்?" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கும் செய்தி சொல்ல ஓடினான். அவன் பேச்சில்தான் ஐஸ் உருகியது என்று மன்றத்தின் வரலாற்றில் இன்றைக்கும் இருக்கிறது, தலைவி அதைத் திருத்தவில்லை. அன்று பேனரிலிருந்து கீழ் வரியை வெட்டி எடுத்துவிட்டு மேல் வரியை மட்டும் படம் பிடித்து இரேனாவுக்கு அனுப்பி வைத்தார்கள். அதற்கும் பதில் வரவில்லை, இந்த முறை யாரும் எதிர்பார்க்கவில்லை.

பிலோமினாள் உள்ளே போய் இன்னொரு கட்டி எடுத்துவந்தாள். அது அவள் கையிலேயே கரையத் தொடங்கியிருந்தது. சூசை தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமும் சும்மா இருந்த முகம் மெல்லக் கோணியது, தாடை ஆடியது, அந்த ஆள் அழுது அவள் பார்த்ததில்லை.

"ஏ பிள்ள" என்றார். "நாளைக்கு விடிஞ்சா நான் என்ன செய்ய?"

 அவள் படியில் அவருக்குப் பக்கத்தில், தோள் உரச உட்கார்ந்தாள்.

"அத நாளைக்குப் பாப்போம்" என்றாள். "இப்பக் கால நீட்டுங்க."